ஓடுகிற கிளஸ்டரில் புது நோட்: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம். பல மெஷின்களைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் குபர்னெட்டிஸ் கிளஸ்டர் ஏற்கெனவே ஓடுகிறது, மெஷின் (நோட்) போதவில்லை, இன்னொன்றைச் சேர்க்கப் போனால் எங்கேயோ சிக்குகிறது. திருவொற்றியூரில் ஆரம்பித்துப் பெரம்பூர் வரை கேட்டிருக்கிறீர்கள். புது மெஷினைச் சேர்க்கும் ஜாயின் கமாண்ட் ஒரு வரிதான், அதில் யாருக்கும் குழப்பமில்லை. அதற்கு முன்னால் மெஷினின் பெயர், முகவரி, பதிப்பு, கடிகாரம் இவற்றைப் பார்க்காமல் விடுவதில்தான் பாதி வில்லங்கம்.

தண்டையார்பேட்டை: அக்கா, கிளஸ்டர் போட்டப்போ வந்த ஜாயின் கமாண்டைப் பத்திரமா எழுதி வச்சிருந்தேன். இப்போ புது சர்வரில் ஓட்டினா டோக்கன் செல்லாதுன்னு சொல்லுது. முதலிலிருந்து போடணுமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. அந்த வரியில் அனுமதிச் சீட்டு மாதிரி இருக்கும் டோக்கனுக்கு ஆயுள் 24 மணி நேரம்தான். கிளஸ்டரை நிர்வகிக்கும் கண்ட்ரோல் பிளேன் நோடில், கிளஸ்டர் அமைக்கும் கருவியான கியூப்ஏடிஎம்மை வைத்து ‘கியூப்ஏடிஎம் டோக்கன் கிரியேட்’ என்று அடித்து, கூடவே ‘பிரின்ட் ஜாயின் கமாண்ட்’ ஆப்ஷனையும் கொடுத்தால் கிளஸ்டரின் சான்றிதழைச் சரிபார்க்க உதவும் சி.ஏ. ஹாஷோடு முழு வரியும் புதிதாக வரும், அதை அப்படியே எடுத்துப் போடுங்கள். புது மெஷினை இன்னொரு கண்ட்ரோல் பிளேனாகச் சேர்ப்பதென்றால் சர்டிஃபிகேட் கீயும் வேண்டும், அது 2 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். இதற்குப் பயந்து சிலர் காலாவதியே ஆகாத டோக்கன் ஒன்றைப் போட்டு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பின் பண்ணி வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வியாசர்பாடி: ஒரு வி.எம். ரெடி பண்ணி அதையே குளோன் செய்து மூன்று வொர்க்கர் (வேலைகளை ஓட்டும் நோட்) ஆக்கினேன். மூன்றிலும் ஜாயின் வெற்றி என்றுதான் வந்தது. ஆனால் லிஸ்டில் ஒரே ஒரு நோட்தான் காட்டுகிறது, அதன் ஐ.பி.யும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கு அக்கா.

பேய் இல்லை, மூன்று பேரும் ஒரே ரேஷன் கார்டைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். கிளஸ்டருக்கு நோட் என்றால் அதன் பெயர்தான். குளோன் செய்யும்போது ஹோஸ்ட்நேமும் அப்படியே வந்துவிட்டதால் ஒவ்வொரு நோடிலும் ஓடும் ஏஜென்ட்டான கியூப்லெட் மூன்றும் ஒரே நோட் பதிவில் மாறி மாறி எழுதுகின்றன. அந்தப் பெயரில் ஏற்கெனவே ரெடி நிலையில் ஒரு நோட் இருந்தால் கியூப்ஏடிஎம் தடுத்துவிடும். ஆனால் நீங்கள் இரண்டாவதைச் சேர்த்த நேரத்தில் முதலாவது அணைந்திருந்தாலோ நாட்ரெடி நிலையில் இருந்தாலோ தடுக்காது, உள்ளே விட்டுவிடும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும்.

ஹோஸ்ட்நேமை மட்டும் மாற்றினால் போதாது. மேக் அட்ரஸும், பிராடக்ட் யூ.யூ.ஐ.டி. என்கிற அடையாள எண்ணும் ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக இருந்தாக வேண்டும். வி.எம்.களை ஓட்டும் பல ஹைப்பர்வைசர்களில் குளோன் செய்யும்போதே இவற்றைப் புதிதாக உருவாக்கச் சொல்லலாம். எட்சி ஃபோல்டரில் இருக்கும் மெஷின் ஐ.டி. ஃபைலைத்தான் எல்லோரும் மறப்பார்கள். உபுண்டு மாதிரி சிஸ்டம்களில் ஐ.பி. வழங்கும் டி.எச்.சி.பி.க்குக் கொடுக்கும் அடையாளம் இந்த ஐ.டி.யிலிருந்துதான் வருகிறது, அதனால் மேக் அட்ரஸ் வேறாக இருந்தும் இரண்டு மெஷினுக்கு ஒரே ஐ.பி. வந்து நிற்கும், நீங்கள் ஸ்விட்சையும் கேபிளையும் சந்தேகப்பட்டு ராத்திரி முழுக்கப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருப்பீர்கள். இப்போதைக்கு அந்த ஒரு நோடை டிரெயின் செய்து (அதில் ஓடுவதை வெளியேற்றி) டிலீட் செய்யுங்கள். மூன்று மெஷினிலும் கியூப்ஏடிஎம் ரீசெட் போட்டு, ரீசெட் தொடாமல் விட்டுவிடும் சி.என்.ஐ. (நெட்வொர்க் பிளகின்) கான்ஃபிக் ஃபோல்டரையும் கையால் காலி செய்து, பெயரும் மெஷின் ஐ.டி.யும் மாற்றி, ரீபூட் செய்த பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். அடுத்த முறை டெம்ப்ளேட்டிலேயே மெஷின் ஐ.டி. ஃபைலைக் காலியாக விட்டு வைத்தால் முதல் பூட்டில் ஒவ்வொன்றும் தனக்கென ஒன்றைப் போட்டுக்கொள்ளும்.

திருவொற்றியூர்: எங்கள் கிளஸ்டர் 1.28. புது மெஷினில் கியூப்லெட் கடைசி வெர்ஷன் இறங்கிவிட்டது. அப்படியே சேர்க்கலாமா?

கூடாது. கியூப்லெட், கண்ட்ரோல் பிளேனில் இருக்கும் ஏ.பி.ஐ. சர்வரைவிடப் புதியதாக இருக்கவே கூடாது. பழையதாக இருக்கலாம், 1.28-லிருந்து மூன்று மைனர் வெர்ஷன் வரை பின்தங்கியிருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் புது நோடுக்கு எதற்குப் பழசு? கிளஸ்டரில் என்ன ஓடுகிறதோ அதையே போடுங்கள். பேக்கேஜ் இறக்கும் பழைய கூகுள் ரெப்போவை 2023 செப்டம்பரில் உறைய வைத்து, அடுத்த வருஷம் எடுத்தும்விட்டார்கள். இப்போதுள்ள ரெப்போவில் ஒவ்வொரு மைனர் வெர்ஷனுக்கும் தனி முகவரி, அதனால் 1.28-க்கான வரியைச் சேர்த்தால்தான் 1.28 இறங்கும். இறக்கியதும் தானாக அப்டேட் ஆகாமல் ஹோல்டு போட்டுவிடுங்கள். பல வருஷப் பழைய இன்ஸ்டால் குறிப்பைப் பார்த்து டாக்கரை மட்டும் போட்டு வைக்கவும் வேண்டாம், கியூப்லெட்டை டாக்கரோடு பேச வைத்த டாக்கர்ஷிம் 1.24-லேயே போய்விட்டது. கண்டெய்னர்களை ஓட்டும் கண்டெய்னர்டி போட்டு, அதன் கான்ஃபிக்கில் சிஸ்டம்டி சி-குரூப்பை ட்ரூ ஆக்குங்கள். ஸ்வாப் அணைந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

ராயபுரம்: 16 நோட் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. 17-வது சேர்த்தோம், ஜாயின் ஆகிறது, ஆனால் நாட்ரெடி. நெட்வொர்க் பிளகினான ஃபிளானலின் பாட் (கண்டெய்னர் ஓடும் அலகு) திரும்பத் திரும்ப விழுகிறது. மெஷினை மாற்றியும் பார்த்தாகிவிட்டது.

16 என்ற எண்ணைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. கிளஸ்டர் போட்டபோது பாட் நெட்வொர்க்குக்கு /20 என்ற முகவரித் தொகுதி கொடுத்திருப்பீர்கள் (எண் சிறியதானால் தொகுதி பெரிது). கண்ட்ரோல் பிளேனில் ஓடும் கண்ட்ரோலர் மேனேஜர் வழக்கமாக ஒவ்வொரு நோடுக்கும் ஒரு /24 வெட்டிக் கொடுக்கும். /20-க்குள் /24 எத்தனை? சரியாக 16. பதினேழாவதுக்குக் கொடுக்க இடமில்லை. நோடை டிஸ்கிரைப் செய்தால் சி.ஐ.டி.ஆர். (முகவரித் தொகுதி) கிடைக்கவில்லை என்று ஒரு ஈவென்ட் இருக்கும், மெஷினை மாற்றுவதற்கு முன்னால் அதைப் படித்திருக்கலாம்.

முதலில், செத்துப்போன பழைய நோட் ஏதாவது லிஸ்டில் நாட்ரெடியாகத் தொங்குகிறதா பாருங்கள். டிலீட் செய்தால் அதன் /24 திரும்பக் கிடைக்கும், 17-வது அதை எடுத்துக்கொள்ளும். அப்படி எதுவும் இல்லையென்றால் நேர்மையான பதில் கசப்பானது: ஓடுகிற கியூப்ஏடிஎம் கிளஸ்டரில் இந்த ரேஞ்சை நோகாமல் பெரிதாக்க வழியில்லை. நோடுக்குக் கொடுக்கும் /24 என்ற மாஸ்க் அளவை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே என்று புரொடக்ஷனில் கைவைக்காதீர்கள். இருக்கிற நோடுகளுக்கு ராமும் சி.பி.யூ.வும் ஏற்றுங்கள், பக்கத்தில் /16-ல் புதுக் கிளஸ்டர் எழுப்பி மெதுவாக நகருங்கள். /16 என்றால் 256 நோட் தாங்கும். ஒரு நோடில் வழக்கமான உச்சவரம்பு 110 பாட்தான் என்பதால், புதிதாகப் போடும்போதே நோடுக்கு /25 என்று வைத்தாலும் 128 முகவரி வரும், ஆனால் பாட் அடிக்கடி செத்துப் பிறக்கிற இடத்தில் அது கொஞ்சம் இறுக்கம். ஃபிளானலுக்குப் பதில் காலிகோ போட்டவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம், அது முகவரியைத் தன் கணக்கில் தானே பிரித்துக்கொள்ளும், அதே ஈவென்ட் வந்தாலும் பாட் ஓடும்.

பெரம்பூர்: இரண்டு நோட் சேர்த்து ஒரு வாரம் ஆகுது. பழைய நோடெல்லாம் மூச்சு முட்டுது, புதுசு ரெண்டும் சும்மா இருக்கு. ஏன்க்கா?

ஷெட்யூலர் ஒரு பாடை எங்கே வைப்பது என்று பிறக்கும்போது மட்டும்தான் முடிவெடுக்கும். வைத்த பிறகு திரும்பிப் பார்க்காது. புது நோட் வந்தது என்பதற்காக யாரையும் எழுப்பி நகர்த்தாது. பாடுகளை நிர்வகிக்கும் டிப்ளாய்மென்ட்களை ஒவ்வொன்றாக ரோல்அவுட் ரீஸ்டார்ட் செய்தால் புதுப் பாடுகள் காலி இடம் தேடிப் போகும். அடிக்கடி தேவைப்பட்டால் டீஷெட்யூலர் என்று தனியாக ஒன்று இருக்கிறது, போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஷெட்யூலர் பார்ப்பது ஒரு பாடுக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்கள் எழுதிய ரிக்வெஸ்ட் கணக்கை, உண்மையில் ஓடும் சுமையை அல்ல. ரிக்வெஸ்ட்டே எழுதாமல் விட்டிருந்தால் அதன் கண்ணுக்கு உங்கள் பழைய நோடும் காலிதான்.

மணலி: அம்மா, நாங்கள் ஓப்பன்ஷிஃப்ட் 4 (ரெட் ஹாட்டின் குபர்னெட்டிஸ்), சொந்த மெஷின்களில் போட்டது. 3.11 காலத்தில் இன்வென்டரியில் நியூ நோட்ஸ் பகுதியில் பெயரைப் போட்டு ஸ்கேல்அப் பிளேபுக் ஓட்டினால் வேலை முடிந்தது. இப்போது மெஷின் பூட் ஆகியும் நோட் லிஸ்டில் வரவே மாட்டேன் என்கிறது.

சார், பிளேபுக் ஓட்டும் அந்த ஆன்சிபிள் காலம் போய்விட்டது. இப்போது புது மெஷின் தானே வந்து சர்டிஃபிகேட் கேட்கும், நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். சர்டிஃபிகேட் கோரிக்கைகளைப் பட்டியலிடும் ‘ஓ.சி. கெட் சி.எஸ்.ஆர்.’ கமாண்டை ஓட்டினால் பெண்டிங்கில் ஒன்று இருக்கும், அப்ரூவ் செய்யுங்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவதாக ஒன்று வரும், அதையும் செய்ய வேண்டும். முதலாவதோடு எழுந்து டீ குடிக்கப் போகிறவர்கள்தான் அதிகம். பெண்டிங்கில் எதுவுமே இல்லையென்றால் மெஷின் அந்த இடத்துக்கே வந்து சேரவில்லை என்று அர்த்தம். லோட் பேலன்சரில் 6443-ம் 22623-ம் புது மெஷினிலிருந்து எட்டுகிறதா பாருங்கள். இரண்டாவது போர்ட்டிலிருந்துதான் அது தன் கான்ஃபிக்கையே எடுக்கிறது. இன்ஸ்டால் செய்தபோது வந்த வொர்க்கர் இக்னிஷன் ஃபைல் (முதல் பூட்டுக்கான கான்ஃபிக்) தொலைந்திருந்தாலும் கவலையில்லை, மெஷின் ஏ.பி.ஐ. நேம்ஸ்பேஸில் வொர்க்கர் யூசர் டேட்டா மேனேஜ்டு என்ற சீக்ரெட்டிலிருந்து (கிளஸ்டர் சேமித்து வைத்திருக்கும் ரகசியத் தகவல்) எடுத்துக்கொள்ளலாம்.

கொருக்குப்பேட்டை: புது நோடில் ரோல்ஸ் என்ற இடத்தில் ‘நன்’ என்று வருகிறது. பழுதா?

இல்லை. அது வெறும் லேபிள். வேண்டுமானால் வொர்க்கர் என்று ஒட்டிக்கொள்ளுங்கள்.

மின்ட்: மூன்று கண்ட்ரோல் பிளேன் இருக்கு, பாதுகாப்புக்கு நாலாவது சேர்க்கலாமா?

மூன்றில் ஒன்று போனால் தாங்கும், நான்கிலும் ஒன்று போனால்தான் தாங்கும், ஏனென்றால் கிளஸ்டரின் தகவலைச் சேமிக்கும் எட்சிடிக்கு நான்கில் மூன்று ஓட்டு வேண்டும். சேர்ப்பதானால் ஐந்தாக்குங்கள்.

காசிமேடு: பழைய ஆபீஸ் பி.சி.க்களில் கே3எஸ் (எடை குறைந்த குபர்னெட்டிஸ்) ஓட்டுறேன். ஒண்ணுல ஓ.எஸ். மறுபடி போட்டேன், பாஸ்வேர்ட் நிராகரிப்புன்னு வருது. இன்னொண்ணு கரண்ட் போய் வந்தா கிளஸ்டர்ல சேரவே மாட்டேங்குது, சர்டிஃபிகேட் இன்னும் செல்லுபடியாகலன்னு சொல்லுது.

முதலாவது சுலபம். கே3எஸ் ஒவ்வொரு நோடின் பெயருக்கும் ஒரு பாஸ்வேர்டை நினைவில் வைத்திருக்கும், ஓ.எஸ். மறுபடி போட்டதும் அந்த மெஷின் தன் பக்கத்து நகலைத் தொலைத்துவிட்டது. அந்த நோடை டிலீட் செய்யுங்கள், அப்படியும் அடம்பிடித்தால் கியூப் சிஸ்டம் நேம்ஸ்பேஸில் அதன் பெயரோடு நோட் பாஸ்வேர்ட் என்று ஒரு சீக்ரெட் இருக்கும், அதையும் எடுத்துவிட்டுச் சேருங்கள். இரண்டாவது கிளஸ்டர் பிரச்சினையே இல்லை. கரண்ட் போனதும் மதர்போர்டு தேதியை மறந்து ஏதோ ஒரு பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது, அந்த வருஷத்திலிருந்து பார்த்தால் உங்கள் சர்டிஃபிகேட் இன்னும் பிறக்கவே இல்லை. நேரத்தைச் சரிசெய்யும் குரோனி போட்டு, கே3எஸ் அதற்குப் பிறகுதான் எழ வேண்டும் என்று வையுங்கள். அப்புறம் பெட்டியைத் திறந்து அந்த சி.ஆர்.2032 பேட்டரியை மாற்றுங்கள், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.