மட்டையானவனை எப்படிப் படுக்கவைப்பது?

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரி இறுதியாண்டு மாணவன். தேர்வு முடிந்த இரவு நண்பர்கள் ஐந்து பேர் குடித்தோம். ஒருவன் பந்தயம் கட்டி, அரை மணி நேரத்தில் 30 மி.லி. வீதம் ஆறு ரவுண்டு ராவாக அடித்தான். வாந்தியெடுத்து மட்டையாகிவிட்டான். தலையில் தண்ணீர் ஊற்றி, காப்பியைப் புகட்டி, மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு நாங்களும் தூங்கிவிட்டோம். காலையில் எழுந்துவிட்டான். நாங்கள் செய்தது சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவன் எழுந்தது உங்கள் வைத்தியத்தால் அல்ல. செய்ததில் ஒன்றுகூடச் சரியில்லை, மல்லாக்கப் போட்டது எல்லாவற்றிலும் மோசம். போதை மிஞ்சினால், தொண்டைக்கு வருவதை இருமித் தள்ளும் அனிச்சை மங்கிவிடும். அந்த நிலையில் வாந்தி வந்தால் நேரே மூச்சுக்குழாய்க்குள் இறங்கும்.

ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். அவன் பக்கத்தில் மண்டியிடுங்கள். உங்கள் பக்கத்துக் கையைத் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் நீட்டிவையுங்கள். மறு கையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை உங்கள் பக்கத்துக் கன்னத்தில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். அப்பாலுள்ள முழங்காலை மடக்கி, அதைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் உடம்பு தானே புரளும். அந்தக் காலை மடக்கியபடியே விட்டால் குப்புறக் கவிழாது. தலை சற்றுப் பின்னுக்குச் சாய்ந்து, வாய் தரையைப் பார்க்கட்டும்.

அதோடு விட்டுவிட்டுப் போகக் கூடாது. கடைசி ரவுண்டு வயிற்றில் இருக்கும்போதே ஆள் சாய்ந்துவிடுகிறான். அதற்குப் பிறகும் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டே போகலாம். ‘தூங்கட்டும், தெளிஞ்சிடும்’ என்று சொல்கிற நேரம்தான் போதை உச்சத்துக்குப் போகும் நேரம். ஒருவர் முறைவைத்து விழித்திருந்து மூச்சை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 8க்குக் குறைந்தாலும், இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடி இடைவெளி விழுந்தாலும், உதடு நீலம்பாரித்தாலும், உடம்பு சில்லிட்டாலும், வலிப்பு வந்தாலும், உரக்கக் கூப்பிட்டுத் தோளை உலுக்கியும் கண் திறக்காவிட்டாலும் ஆம்புலன்ஸ்தான். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று யோசிக்கிற நேரமல்ல அது. எவ்வளவு குடித்தான், எப்போது, மாத்திரை ஏதாவது போட்டானா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

காப்பி தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கும், ஆல்கஹாலைக் குறைக்காது. அரை மயக்கத்தில் புகட்டினால் அதுவே புரையேறும். மது தோலடி ரத்தக்குழாய்களை விரிப்பதால் உடம்புச் சூடு ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்கும். அதன்மேல் தண்ணீரும் ஊற்றினால் இன்னும் குளிர்ந்துபோவான். போர்வைதான் வேண்டும்.

இனிக் கணக்கு. 40 சதவீதச் சரக்கு 30 மி.லி.யில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது 7 முதல் 10 கிராம்தான், அதை விரட்டி வேலைவாங்க முடியாது. ஆகவே சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள், மணிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், நடுவில் தண்ணீர் குடியுங்கள். அளந்து ஊற்றுங்கள்: கண்மதிப்பில் ஊற்றும் 30 எளிதில் 50 ஆகிவிடும். பந்தயம் கூடவே கூடாது.

உங்கள் நண்பன் குடித்த ஆறு ரவுண்டு கழிய 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். இரவு 11 மணிக்கு முடித்திருந்தால் காலை 6 மணிக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். குளித்துவிட்டு ‘இப்ப நல்லாத்தான் இருக்கேன்’ என்று வண்டிச் சாவியைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.