செவஸ்தபோல் முற்றுகையில் ஒரு சிப்பாயின் நாள்

கேள்வி: கிரிமியப் போரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் ரஷ்யாவின் துறைமுக நகரான செவஸ்தபோல் மீது நடத்திய 1854–55 முற்றுகையைக் களமாகக் கொண்டு ஒரு சிறுகதை எழுதிவருகிறேன். நாயகன் பிரிட்டிஷ் படையின் சாதாரணச் சிப்பாய். முகாமில் அவனுடைய ஒரு நாள் எப்படிக் கழிந்திருக்கும்? தினமும் சண்டை நடப்பதாகக் காட்டலாமா?

பதில்: தினமும் சண்டை வேண்டாம். 1854 அக்டோபர் 17 அன்று முதல் பீரங்கித் தாக்குதல் தொடங்கியது முதல் 1855 செப்டம்பரில் ரஷ்யர்கள் நகரின் தென்பகுதியைக் கைவிட்டது வரை ஏறத்தாழ 11 மாதங்கள் நீண்ட அந்த முற்றுகையில், குண்டுகள் ஓயாமல் வந்து விழுந்தாலும், நேருக்கு நேர் மோதிய நாள்கள் குறைவே. மற்ற நாள்கள் பதுங்குகுழி வெட்டுவதிலும் காவல் நிற்பதிலும் சுமை தூக்குவதிலும் விறகு தேடுவதிலும் கழிந்தன.

கதை முதல் குளிர்காலத்தில் நடப்பதாக அமையுங்கள். சிப்பாய்கள் செப்டம்பரில் கரையிறங்கியபோது முதுகுப்பைகளைக் கப்பலிலேயே விட்டு வந்திருந்தார்கள். நவம்பர் 14 அன்று வீசிய புயலில், குளிர்கால உடைகளை ஏற்றி வந்திருந்த 'பிரின்ஸ்' கப்பல், பிரிட்டிஷ் படைக்குப் பொருள்கள் வந்திறங்கிய பாலக்லாவா துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. ஆகவே உங்கள் நாயகன் கோடையில் உடுத்திய கந்தலோடுதான் பனியில் நிற்பான். கழற்றினால் வீங்கிய காலில் மறுபடி ஏறாது என்று பூட்ஸோடு தூங்கியவர்களும் உண்டு.

இரவு முழுதும் ஈரக் குழியில் நின்றவன் காலையில் கூடாரத்துக்குத் திரும்பும் இடத்தை நிதானமாக எழுதுங்கள். அவனுக்குக் கிடைப்பது உப்பிட்ட இறைச்சி, கடினமான பிஸ்கட், கொஞ்சம் ரம், கூடவே வறுக்காத பச்சைக் காப்பிக்கொட்டை. வீட்டில் கொட்டை வறுத்து அரைத்துப் பழகிய நம்மவர்களுக்கு இந்த அபத்தம் சட்டென்று புரியும். முதலில் குந்தாலியை எடுத்துக்கொண்டு போய், உறைந்த மண்ணிலிருந்து புதர் வேர்களைத் தோண்டி வர வேண்டும். அந்த ஈர வேரைப் புகைய விட்டு, தகரப் பாத்திரத்தின் மூடியில் கொட்டையை வறுத்து, வெடித்த குண்டின் ஓட்டில் போட்டு, பீரங்கிக் குண்டால் இடித்தால்தான் காப்பி. தீ பற்றாத நாளில் இறைச்சியைப் பச்சையாகத் தின்றார்கள். பிரெஞ்சுச் சிப்பாய்கள் குழுவாகச் சேர்ந்து சமைத்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய் பெரும்பாலும் தனக்குத் தானே சமைத்துக்கொண்டான். களைத்தவன் சமைக்காமலே படுத்துவிடுவான்.

இத்தனைக்கும் பாலக்லாவாவில் பொருள்கள் இல்லாமல் இல்லை. அங்கிருந்து மேட்டு முகாமுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வழி முழங்கால் சேறாகி, பொதிகுதிரைகள் தீனியின்றி மடிந்ததால், ஓய்வு நாளிலும் சிப்பாய்களே இறங்கிப் போய்ச் சுமந்து வந்தார்கள். நிர்வாகமும் கைகொடுக்கவில்லை. ஸ்கர்வியால் (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) ஈறு வீங்கிக் கிடந்த படைக்கு டிசம்பரில் வந்து சேர்ந்த எலுமிச்சைச் சாறு பிப்ரவரி வரை வழங்கப்படவில்லை. உங்கள் நாயகன் சாக வேண்டுமென்றால் வயிற்றுப்போக்கிலோ காய்ச்சலிலோ சாகட்டும்; அந்தப் போரில் பிரிட்டிஷ் படை காயத்தில் இழந்தவர்களைவிட நோயில் இழந்தவர்கள் பல மடங்கு.

கடைசியாக, காலக்கணக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. 1855 பிப்ரவரியில் பாலக்லாவாவிலிருந்து போடத் தொடங்கிய ரயில்பாதை மார்ச் இறுதிக்குள் மேட்டை எட்டிவிட்டது. மே மாதத்தில் நடக்கும் காட்சியில் அவனைச் சேற்றில் பிஸ்கட் மூட்டை சுமக்க வைத்தால், விவரம் அறிந்த வாசகர் அங்கேயே பிடித்துவிடுவார்.