வரிசையின் எல்லையைக் கணினியிடம் கேட்பது எப்படி: கேள்வி பதில்

(எல்லாக் கேள்விகளிலும் க என்பது 1, 2, 3 என்று ஓடும் முழு எண். அது முடிவிலிக்குப் போகும்போது வரும் எல்லையைத்தான் கேட்கிறார்கள்.)

அக்கா, (1 + 1/க)^க என்ற வரிசைக்குப் பைத்தானில் க = 10^16 போட்டேன். 2.718 வர வேண்டிய இடத்தில் 1.0 வருகிறதே?

நீங்கள் கேட்டது எல்லையை அல்ல தம்பி, ஒரே ஓர் உறுப்பின் தசம மதிப்பை. சாதாரண தசம எண்ணில் ஏறக்குறைய 16 இலக்கம்தான் நிற்கும். 1-உடன் 10^-16-ஐக் கூட்டினால் அது 1 ஆகவே இருந்துவிடும். பிறகு எத்தனை அடுக்கு ஏற்றினாலும் 1தான். பைத்தானில் குறியீடுகளை வைத்தே கணிதம் செய்யும் நிரல் தொகுப்பு சிம்பை; அதன் லிமிட் கட்டளை எண்ணைப் போட்டுப் பார்ப்பதில்லை. கோவையில் எந்தப் பகுதி மிக வேகமாக வளர்கிறது என்று ஒப்பிட்டு, அதைக் கொண்டு விரிவாக்கிப் பார்க்கிறது. டொமினிக் குருன்ட்ஸ் 1996-இல் சூரிச்சில் முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்த வழி அது.

சைன்(பை × க) எப்போதும் 0தானே? மென்பொருள் "-1 முதல் 1 வரை" என்கிறது.

அது க-வை மெய்யெண் என்று எடுத்துக்கொண்டது. அப்படிப் பார்த்தால் அதன் பதில் சரிதான். சிம்பையில் குறியீட்டை உருவாக்கும்போதே முழு எண் என்று அறிவித்துவிடுங்கள், 0 வரும். சார்பின் எல்லை வேறு, வரிசையின் எல்லை வேறு. சார்புக்கு எல்லை இருந்தால் வரிசைக்கும் அதுவே எல்லை, ஆனால் மறுதலை உண்மையல்ல. வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

சைன்²(பை × √(க² + க))-க்கு என்ன செய்வது மேடம்?

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு! இதை மென்பொருளிடம் அப்படியே தள்ளிவிடாதீர்கள். சைன்²-க்குக் காலமுறை பை. அதனால் உள்ளே பை × க-வைக் கழித்தாலும் மதிப்பு மாறாது. இனி √(க² + க) − க-வின் எல்லையை மட்டும் கேளுங்கள்: 1/2. விடை சைன்²(பை/2) = 1. க முழு எண் என்பதைப் பயன்படுத்தியது அந்தக் கழித்தலில்தான். அந்த ஒரு வரியை நாம் எழுதிக் கொடுத்தால் மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

மீள்தொடர்பாக, அதாவது முந்தைய உறுப்புகளிலிருந்து அடுத்ததைக் கணக்கிடும்படி, கொடுத்த வரிசைக்கு நூறு உறுப்பு ஓட்டிப் பார்த்தால் போதாதா?

போதாது. அதற்குப் பிரெஞ்சுக் கணினி அறிஞர் ழான்-மிஷேல் முல்லரின் வரிசையே சாட்சி. முதல் இரண்டு உறுப்புகள் 11/2, 61/11. அடுத்த உறுப்பு = 111 − 1130/(கடைசி உறுப்பு) + 3000/(கடைசி இரண்டின் பெருக்கல்). உண்மையான எல்லை 6. தசமத்தில் ஓட்டினால் 30 படிக்குள் 100-இல் போய் நின்றுவிடும், அதுவும் அசையாமல். 5, 6, 100 மூன்றுமே இந்தத் தொடர்பின் நிலைப் புள்ளிகள், அதாவது கடைசி இரண்டு உறுப்பும் அந்த எண்ணாக இருந்தால் அடுத்ததும் அதுவே. நம் தொடக்க மதிப்புகளில் 100-இன் பங்கு சுழி. ஆனால் முதல் வட்டமாக்கலிலேயே ஒரு துளி பிழை புகுந்துவிடும், அது படிக்குப் படி பதினாறு மடங்குக்கு மேல் பெருகும். பின்னமாகவே ஓட்டுங்கள், 6-ஐ நோக்கி மெதுவாக நகர்வது தெரியும். பொது உறுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது: (6^க + 5^க) / (6^(க−1) + 5^(க−1)).

கூட்டுத்தொகைக் குறி (Σ) உள்ள வரிசைகளுக்கு?

சிம்பையிலேயே லிமிட்_சீக் என்று தனிக் கட்டளை இருக்கிறது. 2க-இலிருந்து க-வைத் தேரும் சேர்வு எண்ணிக்கையை, முதலிலிருந்து அதுவரை உள்ள அத்தகைய எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்துக் கொடுத்துப் பாருங்கள். 3/4 வரும். ஒவ்வோர் உறுப்பும் முந்தையதைப் போல் ஏறக்குறைய 4 மடங்கு என்பதை வைத்துக் கையாலும் சரிபார்க்கலாம்.