பதவி உயர்ந்த பிறகு ஒரு கோச் தேவையா?

கேள்வி: பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு உற்பத்தி மேலாளர் ஆனேன். முன்பு என்னோடு லைனில் நின்ற அண்ணன்கள் இப்போது எனக்குக் கீழே வேலை செய்கிறார்கள். தாமதமாக வந்தால்கூட அவர்களைக் கேட்க வாய் வரவில்லை. அவர்கள் விட்டுப்போனதை நானே முடித்துவிட்டு, இருட்டிய பிறகுதான் பாலம் தாண்டி வீட்டுக்குப் போகிறேன். வேலையில் வரும் சிக்கல்களைப் பேசித் தெளிய உதவும் ஒரு கோச்சைப் பார்க்கச் சொல்கிறாள் தோழி. ஆறு சந்திப்புக்கு 3,000 வெள்ளி. “பேசுவதற்கா இவ்வளவு காசு?” என்கிறார் கணவர். எனக்கு இது தேவையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் கணவர் கேட்பது நியாயம்தான். முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்.

உங்களுக்குப் பேச ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் எடுக்கும் முடிவு அவர்கள் ஒவ்வொருவரையும் ஏதோ ஒரு வகையில் பாதிக்கும். மேலதிகாரியிடம் “தடுமாறுகிறேன்” என்று சொன்னால், ஆண்டு மதிப்பீட்டில் அது வந்து நிற்குமோ என்று பயம். கீழே இருப்பவர்களிடம் சொல்லவே முடியாது. கணவரிடம் சொன்னால், “உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, பழைய வேலைக்கே போய்விடு” என்பார். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் உங்கள் கேள்விக்கு அது பதில் இல்லை. உங்கள் முடிவால் லாபமோ நட்டமோ இல்லாத ஒருவர் முன் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பதற்காகவே பலர் கோச்சிடம் போகிறார்கள். பதவி உயர்ந்த புதிதில் இந்தத் தேவை மிக அதிகம்.

நல்ல கோச் அறிவுரை சொல்ல அவசரப்பட மாட்டார், கேள்விதான் கேட்பார். “தாமதமாக வரும் அந்த அண்ணனிடம் என்ன சொல்ல நினைக்கிறீர்கள்? இப்போது என்னிடம் சொல்லிப் பாருங்கள்” என்பார். முதல் தடவை நீங்கள் சுற்றி வளைப்பீர்கள், மன்னிப்புக்கூடக் கேட்பீர்கள். நாலைந்து தடவை சொல்லிப் பார்த்த பிறகு இப்படி ஒன்று வரும்: “அண்ணே, நீங்கள் ஏழேகாலுக்கு வந்தால் இரவு ஷிப்ட் ஆள் உங்களுக்காகக் காத்து நிற்கிறார். நாளையிலிருந்து ஏழு மணிக்கு வந்துவிடுங்கள்.” இதில் மரியாதையும் குறையவில்லை, விஷயமும் மறையவில்லை. அடுத்த சந்திப்பில் கோச் கேட்கும் முதல் கேள்வி, “சொன்னீர்களா?” என்பதாக இருக்கும். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தாலே பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். நீங்கள் கொடுக்கும் காசு பெரும்பாலும் இதற்குத்தான்.

வேலை மாற நினைப்பவர்கள், பிள்ளை பெற்ற பிறகு வேலைக்குத் திரும்புகிறவர்கள், சொந்தத் தொழில் தொடங்குகிறவர்கள் போவதும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான்.

எல்லாவற்றுக்கும் கோச் சரிப்படாது. பட்ஜெட் போடத் தெரியவில்லை என்றால் தெரிந்த மூத்தவரிடம் கேளுங்கள், இல்லை ஒரு வகுப்புக்குப் போங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் முதலில் டாக்டரையோ பதிவு பெற்ற ஆலோசகரையோ பாருங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். நம் மலேசியாவில் ‘கவுன்சலர்’ என்று தொழில் நடத்த 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சலர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். கோச் என்று பெயர்ப்பலகை மாட்ட அப்படி எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு இது உண்மையிலேயே கவலை தரும் விஷயம்.

ஆகவே விசாரித்துப் போங்கள். 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐசிஎஃப் என்ற அனைத்துலக அமைப்பு கோச்சுகளுக்குச் சான்றிதழ் தருகிறது. அதன் முதல் நிலையான ஏசிசி பெற, குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரம் கோச்சாகச் செயல்பட்ட அனுபவமும் வேண்டும். அடுத்த நிலையான பிசிசிக்கு 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம். சான்றிதழ் இருக்கிறதா, உங்களைப் போல லைனிலிருந்து மேலே வந்தவர்களோடு வேலை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். “ஆறே வாரத்தில் உங்களை மாற்றிக் காட்டுகிறேன்” என்று யாராவது உறுதி கொடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், உங்களுக்குக் கோச் பயன்படுவார். ஆனால் கைக்காசைப் போடும் முன் மனிதவளப் பிரிவில் கேளுங்கள். மலேசியர்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகள் பெரும்பாலும் அவர்களின் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை, ஊழியர் பயிற்சி நிதியைக் கவனிக்கும் எச்ஆர்டி கார்ப் என்ற அரசு அமைப்புக்கு லெவியாகக் கட்டுகின்றன. அதிலிருந்து செலவு செய்ய வழி உண்டா என்று அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். கம்பெனி காசு கொடுத்தால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நீங்கள் பேசுவதில் எது மேலதிகாரிக்குப் போகும், எது போகாது என்பதை. அது தெளிவாக இல்லையென்றால் கோச் முன்னாலும் வாய் திறக்க மாட்டீர்கள்.

சொந்தக் காசு என்றால் ஆறு சந்திப்புக்கும் மொத்தமாகக் கட்ட வேண்டாம். இரண்டுக்கு மட்டும் கட்டுங்கள். இரண்டாவது சந்திப்புக்குள் அந்த அண்ணனிடம் பேசியிருந்தால் மற்ற நான்குக்கும் போங்கள். பேசவில்லை என்றால் வேறு கோச்சைத் தேடலாம்.