கிட்டங்கியில் பக்கத்துப் பெட்டிக்காரர்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். பூர்வீக மனையைப் பங்காளிகள் மூன்று பேர் பிரித்துப் பத்திரம் பதிந்துவிட்டோம். உட்பிரிவு பட்டாவுக்கு விண்ணப்பித்து எட்டு மாதம் ஆகிறது, அளக்க ஆள் வரவில்லை. நடுவில் ஒருவர் வந்து “கொஞ்சம் கவனிச்சிட்டீங்கன்னா அடுத்த வாரமே அளந்துறலாம்” என்றார். அதே வாரம்தான் அந்த அலுவலகத்தில் எல்லோரும் வரிசையாக நின்று லஞ்ச ஒழிப்பு உறுதிமொழி எடுத்தார்கள். ஹாங்காங் மாதிரி ஒரு கடுமையான அமைப்பு வந்து நாலு பேர் உள்ளே போனால் எல்லாம் சரியாகும் என்பது என் எண்ணம். சட்டம் ஒழுங்காக நடக்காத நாட்டில் வேறு என்ன வழி? ‘மக்கள் திருந்த வேண்டும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மெ.

அன்புள்ள மெ.,

திருந்தச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் ஃபைலுக்குள் நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை வைத்து நீட்டியவன் நான். எதிரே இருந்தவர் ஃபைலைத் தொடவே இல்லை. தலையைத் தூக்காமல், “எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடையில குடுத்துட்டு வாங்கண்ணே” என்றார். ரசாயனம் தடவிய நோட்டைத் தொட்டால் விரல் கழுவிய தண்ணீர் சிவக்கும் என்று இப்போது யாருக்குத்தான் தெரியாது? தமிழ்நாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறை 1964லிருந்து இருக்கிறது. மாட்டுகிறவர்கள் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், மற்றவர்கள் ஜெராக்ஸ் கடைக்கு மாறிக்கொண்டார்கள்.

ஹாங்காங்குக்கு வருவோம். பீட்டர் காட்பர் என்ற போலீஸ் உயரதிகாரி 1973ல் விசாரணை நடக்கும்போதே இங்கிலாந்துக்கு ஓடினார், ஊர் கொதித்தது, 1974ல் அங்கே ஊழல் ஒழிப்பு ஆணையம் பிறந்தது. எல்லோரும் சொல்லும் கதை இவ்வளவுதான். 1977ல் போலீஸ்காரர்களே கூட்டமாகப் போய் ஆணையத்தின் அலுவலகத்தைத் தாக்கினார்கள், கவர்னர் இறங்கிவந்து பழைய குற்றங்களில் பெரும்பாலானவற்றை மன்னித்துவிட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. அத்தனைக்கும் அங்கே கோர்ட் ஒழுங்காக நடந்தது, கவர்னருக்கு ஓட்டுப் பயம் கிடையாது. அதே மாதிரி அமைப்பை இந்தோனேசியா 2002ல் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது. பெரிய தலைகளையெல்லாம் பிடித்தார்கள். 2017ல் அதன் முக்கிய விசாரணை அதிகாரி முகத்தில் அமிலம் வீசப்பட்டது, 2019ல் சட்டத்தையே திருத்திப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பிடிபடுகிறவர்களே சட்டம் போடுகிற இடத்தில் இருக்கும்போது வேறென்ன நடக்கும்?

லண்டனில் முஷ்தாக் கான் என்றொரு பொருளாதாரப் பேராசிரியர் இருக்கிறார். சட்டம் பலவீனமான நாடுகளைப் பற்றி அவர் சொல்வதை என் பாஷையில் சொன்னால்: மேலேயிருந்து பிரம்பு நீட்டுவது கொஞ்சம்தான் உதவும், ஒருவன் விதியை மீறினால் அவனுக்குச் சமமான பலமுள்ள இன்னொருவனுக்கு நஷ்டம் வரும் துறையாகப் பார்த்து முதலில் கைவைக்க வேண்டும். நஷ்டப்படுகிறவன் தன் லாபத்துக்காகவே விடாமல் கேட்பான்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணமும் இந்தோனேசியாவிலிருந்துதான். பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார ஆய்வாளர் அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில் புதிதாகப் போட்ட சாலைகளைத் தோண்டி, ஜல்லியும் மணலும் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று அளந்து கணக்கோடு ஒப்பிட்டார். தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த ஊர்களில் காணாமல்போன பணம் சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. ஊர்க்கூட்டத்துக்கு எல்லோரையும் அழைத்துக் கணக்குச் சொல்லவைத்த ஊர்களில் மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் கூலியில் அடித்தது மட்டும் குறைந்தது. கூலி அவனவன் வீட்டுக்குப் போகிற காசு, அதனால் எழுந்து கேட்டான். ஜல்லிக்கு யார் கேட்பது?

உகாண்டாவிலும் கிட்டத்தட்ட இதுதான். 1990களின் முதல் பாதியில் அரசு அனுப்பிய பள்ளி மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளில் போட ஆரம்பித்த பிறகு, 2001 வாக்கில் அது 80 சதவீதத்தைத் தாண்டியது. வேறு சீர்திருத்தங்களும் அப்போது நடந்தன, பேப்பர் மட்டுமே காரணமில்லை என்று வாதம் உண்டு. சரி, இருக்கட்டும். தனக்கு எவ்வளவு வரவேண்டும் என்று தெரியாத தலைமையாசிரியர் யாரிடம் போய்ச் சண்டை போடுவார்?

நம் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன? எங்கள் ஐயா (தாத்தாவைத்தான் சொல்கிறேன்) பினாங்கில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது பொறுப்பாளருக்கு அடுத்த நிலை ஆளாக, இருந்தவர். அந்தக் கடைகள் சேர்ந்து இருந்த இடம்தான் கிட்டங்கி. ஒரே நீளக் கூடம், ஒவ்வொரு மார்க்காவுக்கும் (கடைக்கும்) ஒரு பாய் அளவு இடம், ஒரு கைப்பெட்டி, சாய்வு மேசை, அவ்வளவுதான். மறைப்பு கிடையாது. பக்கத்துப் பெட்டிக்காரர் யாருக்குக் கடன் கொடுக்கிறார், என்ன பேசுகிறார் என்பதெல்லாம் காதில் விழும், அவர் கைமாற்று வாங்கினால் கொடுப்பதும் நாம்தான், ஆகவே அவர் பெட்டியில் ஓட்டை விழுந்தால் நம் பணமும் போகும். முதலாளி காரைக்குடியில், கப்பல் பல நாள் தூரத்தில். காவல் இந்தப் பக்கத்துப் பெட்டிக்காரர்தான்.

பெருமை பேசி நிறுத்தமுடியாது. இதே மாதிரி ரங்கூனில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் கூடிப்பேசி நடப்பு வட்டியையும் முடிவுசெய்தார்கள். பர்மிய விவசாயிக்கு அந்தக் கூடத்தில் பாய் இல்லை. 1930களின் பொருளாதார மந்தம் வந்து, 1938க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் பேருக்கு வந்துவிட்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறவர்கள் சேர்ந்து வெளியாளை அமுக்கவும் முடியும். அதனால் ஒரு காண்டிராக்டர் இன்னொருவரைக் கவனிப்பார் என்று சும்மா நம்பிவிட முடியாது, இரண்டு பேரும் ஒரே கூட்டா என்றும் பார்க்க வேண்டும்.

உங்கள் பட்டாவுக்கு என்ன செய்வது? பணம் கொடுப்பதா என்றால், 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு, கட்டாயத்தால் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். புகாரை அப்புறம் பார்க்கலாம். முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அதில் லஞ்சம் என்ற வார்த்தையே வேண்டாம். உங்கள் விண்ணப்பத்துக்குப் பின் அந்தக் குறுவட்டத்தில் வந்த உட்பிரிவு மனுக்களில் எவை, எந்தத் தேதியில் அளக்கப்பட்டன, எவை இன்னும் அளக்கப்படவில்லை என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாள் கெடு. பதில் வந்தால் உங்களைத் தாண்டிப் போனவர்கள் தெரியும், உங்களைப் போலவே காத்திருப்பவர்களும் தெரியும். அந்த இரண்டாவது பட்டியல்தான் உங்களுக்கு வேண்டும். எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து கோட்டாட்சியர் முன் போய் நின்றால் அது வேறு மனு.

பங்காளிகள் மூவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள், ஆளுக்கொன்றாகப் போடுங்கள். ஒப்புகைச் சீட்டுக்கு நகல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், அந்த எதிர்த்த ஜெராக்ஸ் கடையில் வேண்டாம்.