ஹுவே பயணம்: விசாவுக்கு 7,500 ரூபாய் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஊர் திருச்சி. தீபாவளி விடுமுறையில் மகள், மருமகனோடு வியட்நாமின் பழைய தலைநகரான ஹுவேயைப் பார்க்க விரும்புகிறோம். விசாவுக்கு ஒரு முகவர் தலைக்கு 7,500 ரூபாய் கேட்கிறார். பூ குவோக் தீவுக்கு விசா தேவையில்லை, அங்கே இறங்கி ஹுவேக்குப் போய்விடலாம் என்கிறார் உறவினர் ஒருவர். டா நாங் நகரில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் ஹுவேயைப் பார்த்துத் திரும்பலாம் என்று முகவர் திட்டம் கொடுத்திருக்கிறார். மனைவிக்கு மூட்டுவலி உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: ஹுவேக்கு அவசியம் போங்கள். 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்தின் தலைநகராக இருந்த ஊர் அது. வியட்நாமில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் முதலில், 1993இல், இடம்பிடித்ததும் அதன் நினைவுச் சின்னங்கள்தான். ஆனால் முகவர் சொல்கிற விலைக்கும், உறவினர் சொல்கிற வழிக்கும், நீங்கள் நினைக்கிற மாதத்துக்கும் நான் உடன்பட மாட்டேன்.

முதலில் விசா. 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை செல்லுபடியாகும் மின்விசாவை (இ-விசா) வியட்நாம் வழங்குகிறது. ஒருமுறை நுழைவதற்கு 25 டாலர், பலமுறை நுழைவதற்கு 50 டாலர். உங்களுக்கு ஒருமுறை நுழைவு போதும். நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். மீதி ஐயாயிரத்தை முகவர் எதற்காகக் கேட்கிறார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். ‘அப்ரூவல் லெட்டர்’, ‘அர்ஜென்ட்’, ‘விஐபி லைன்’ என்று மூன்று சொற்கள் வரும். மூன்றும் உங்களுக்குத் தேவையில்லை. மூன்று வேலை நாளில் முடிய வேண்டிய காரியம் இது. அந்நாட்டு விடுமுறைகள் குறுக்கிட்டால் தாமதமாகும் என்பதால் மூன்று வாரம் முன்பாக விண்ணப்பித்துவிட்டால் அவசரம் என்ற பேச்சே எழாது.

நீங்களே விண்ணப்பிக்கலாம் என்று சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூகுளில் ‘வியட்நாம் விசா’ என்று தேடினால் மேலே வருபவற்றில் பெரும்பாலானவை விளம்பரங்கள். கொடியும் தாமரையுமாக அரசுத் தளம் போலவே இருக்கும். கடைசிப் பக்கத்தில்தான் ‘சேவைக் கட்டணம்’ என்று 60, 80 டாலர் முளைக்கும். உண்மையான அரசுத் தளத்தின் முகவரி ‘ஜிஓவி டாட் விஎன்’ என்று முடியும். முகவரியின் நடுவில் எங்கோ ‘ஜிஓவி’ வந்தால் அது கணக்கில்லை, முடிவில் வர வேண்டும். அந்த அரசுத் தளம் மெதுவாகத்தான் நகரும், சில நேரம் படத்தை ஏற்காது, சில வங்கி அட்டைகளைத் திருப்பிவிடும். கட்டணம் வாங்குகிற ஓர் அரசு தன் தளத்தை ஒழுங்காக வைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் ஆத்திரம் வருகிறது. அந்தச் சலிப்பில் பிழைப்பவர்கள்தான் இந்த இடைத்தரகர்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் முயன்று பாருங்கள், பெரும்பாலும் நடந்துவிடும்.

படிவத்தில் தமிழர்கள் தடுக்கி விழும் இடம் பெயர்தான். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒருவருக்குத் தந்தையின் பெயர் அந்தக் கட்டத்தில் இருக்கும், ஒருவருக்குக் கட்டமே காலியாக இருக்கும், ஒருவருக்கு இனிஷியல் விரிந்து முன்னால் நிற்கும். உலகத்தின் எந்தப் படிவமும் இதைப் புரிந்துகொள்வதாக இல்லை. பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் முதல் வரியில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில், எழுத்துக்கு எழுத்து, எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் இருக்கும் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ எடுத்து நிரப்பாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில், வேறொரு முகவர் நிரப்பிய படிவத்தில் மகளின் பெயரில் ஓர் ‘எச்’ விடுபட்டிருந்தது. விமான நிலையக் கவுன்ட்டரில் பெற்றோருக்கு போர்டிங் பாஸ் கிடைத்தது, அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. நால்வரும் வீடு திரும்பினார்கள். முகவர் தொலைபேசியையே எடுக்கவில்லை. செலுத்திய விசாக் கட்டணத்தை அரசும் திருப்பித் தராது.

இன்னொரு கட்டம், எந்த வாயில் வழியாக நுழைகிறீர்கள் என்பது. ஹுவே போகிறோமே என்று ஹுவேயின் பூ பாய் விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். திருச்சியிலிருந்து 2023இல் தொடங்கிய நேரடி விமானம் ஹோ சி மின் நகரத்துக்குப் போகிறது. உங்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவது அங்கேதான். ஆகவே அந்நகரின் தான் சோன் நியத் விமான நிலையத்தையே குறிக்க வேண்டும். பிறகு உள்நாட்டு விமானத்தில் ஹுவேக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இனி உங்கள் உறவினர் சொன்ன பூ குவோக். அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். அந்தத் தீவுக்கு மட்டும் வெளிநாட்டவருக்கு 30 நாள் விசா விலக்கு உண்டு. வெளிநாட்டிலிருந்து தீவுக்கே போய், தீவிலேயே இருந்து, தீவிலிருந்தே வெளிநாட்டுக்குத் திரும்புகிறவருக்கான சலுகை அது. வழியில் வேறொரு வியட்நாம் விமான நிலையத்தில் இறங்கினாலும், குடிவரவு மேசையைக் கடக்காமல் சர்வதேசப் பயணிகள் பகுதிக்குள்ளேயே காத்திருந்து அடுத்த விமானம் ஏறினால் சலுகை நிலைக்கும். மேசையைக் கடந்தால் நிலைக்காது. தீவில் இறங்கிய பிறகு ஹுவேக்கோ டா நாங்குக்கோ போக நினைத்தால் அப்போதே விசா வேண்டும். ‘அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தீவையும் ஹுவேயையும் சேர்த்துப் பார்க்க ஆசையென்றால் இங்கிருந்தே மின்விசா வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அப்போது தீவின் சலுகையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். இத்தனை நீளமாக எழுதுவதற்குக் காரணம், இதே பாதி உண்மையோடு என்னிடம் வருகிறவர்கள் அதிகம்.

அடுத்தது மாதம். ஐப்பசியில் நமக்கு அடைமழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம்தான் ஹுவேக்கும் மழைக்காலம். மேற்கே துருவோங் சோன் மலைத்தொடர் மேகங்களைத் தடுத்து நிறுத்த, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழை கொட்டும். அக்டோபரும் நவம்பரும் உச்சம். 1999 நவம்பரில் நகரமே மூழ்கியது, 2020 அக்டோபரிலும் பெருவெள்ளம். ஹுவோங் ஆறு, அதாவது நறுமண ஆறு, ஊருக்கு நடுவே ஓடுகிறது. அது கரை மீறினால் கோட்டைக்குள்ளும் தண்ணீர் நிற்கும். தீபாவளிக்குப் போகாதீர்கள். பிப்ரவரி பிற்பாதியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். ஆனால் அவர்களுடைய புத்தாண்டான தெத் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த வாரத்தில் டிக்கெட் கிடைக்காது, கடைகளும் திறந்திருக்காது. அதை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

டா நாங்கிலிருந்து ஒரு நாள் சுற்றுலா என்பது மூட்டுவலிக்காரருக்குத் தண்டனை. இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர். காலையில் வண்டி கிளம்பி, வழியில் இரண்டு கடைகளில் நிறுத்தி, ஹுவேயில் உங்களுக்கு மிஞ்சுவது நான்கைந்து மணி நேரம். அதற்குள் கோட்டை, மூன்று கல்லறை வளாகங்கள், தியென் மு பகோடா என்று ஓட்டுவார்கள். ஹுவேயிலேயே இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் காலை அரண்மனைக் கோட்டை மட்டும். 1945 ஆகஸ்ட் 30 அன்று கடைசி அரசர் பாவ் டாய் முடிதுறந்தது ஙோ மோன் வாசலில்தான். இன்று நாம் நுழைவதும் அவ்வழியாகவே. அதைத் தாண்டி, நீண்ட பழுதுபார்ப்புக்குப் பின் 2024 நவம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட தாய் ஹோவா என்ற அரியணை மண்டபத்தில், அரக்கு பூசிய தூண்களின் சிவப்பும் பொன்னும் கண்ணை விட்டு அகலாது. அங்கே அவசரப்படாதீர்கள்.

கல்லறைகளில் கை டின் அரசருடையதை விட்டுவிடலாம். பீங்கானும் கண்ணாடியும் பதித்த அழகான கட்டடம்தான், ஆனால் 127 படிகள். மின் மாங், து டுக் இருவருடைய வளாகங்களும் மரங்களும் குளங்களுமாகப் பரந்தவை, உங்கள் மனைவி நிதானமாக நடந்து உட்கார்ந்து பார்க்கலாம். அங்கே படகில் போகாதீர்கள். படகுக்காரர் கரையில் இறக்கிவிட்டதும், து டுக் கல்லறை இன்னும் தள்ளி இருக்கிறது என்று மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் வந்து நிற்பார், அவருக்குத் தனிக் காசு. வாசல் சீட்டும் படகுக் கட்டணத்தில் சேராது. கிராப் செயலியில் கார் அழைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையைப் பார்த்துவிட்டுக் கிழக்கு வாசல் வழியாக வெளியே வரும்போது சைக்கிளோ எனப்படும் சைக்கிள் ரிக்‌ஷாவின் ஓட்டுநர்கள் காத்திருப்பார்கள். ‘நூறு’ என்பார்கள், அங்கே பேச்சில் ஆயிரத்தை விட்டுவிடுவது வழக்கம், நூறு என்றால் வியட்நாம் பணத்தில் 1,00,000 டாங். அது தலைக்கா, வண்டிக்கா, எவ்வளவு நேரத்துக்கு என்பதைத் தாளில் எழுதி வாங்கிய பிறகே ஏறுங்கள். இறங்கிப் பணம் கொடுக்கும்போது நோட்டை வெளிச்சத்தில் பாருங்கள்: 20,000 டாங்கும் 5,00,000 டாங்கும் இரண்டுமே நீல பிளாஸ்டிக் நோட்டுகள், இரண்டிலும் ஹோ சி மின் முகம். பெரிய நோட்டுகளைத் தனி உறையில் வைத்து மருமகனிடம் கொடுத்துவிடுங்கள்.