தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங் பற்றி உங்கள் கேள்வி: கட்-ஆஃப் (பிளஸ் டூ மார்க்கை 200க்குச் சுருக்கியது) 178. சாய்ஸ் லிஸ்டில் உறுதியாகக் கிடைக்கிற காலேஜை முதலில் போடுவதா, பிடித்த காலேஜை முதலில் போடுவதா?

பிடித்ததைத்தான். இரண்டாவது பிடித்தது இரண்டாவது, மூன்றாவது பிடித்தது மூன்றாவது. அவ்வளவுதான் பதில். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம்.

உங்கள் வீட்டில் யாரோ ஒரு மாமாவோ சித்தப்பாவோ "கிடைக்கிறத முதல்ல போடு, ஆசைப்பட்டு ஏமாறாத" என்று சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அவர் மேல் தப்பில்லை, அவர் பழைய கவுன்சிலிங்கை மனதில் வைத்துச் சொல்கிறார்.

பழைய கவுன்சிலிங் எப்படி என்றால், நான் 2009இல் போனேன். நுழைவுத் தேர்வை ரத்து செய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிளஸ் டூ மார்க் மட்டும்தான். கணக்கை நூறுக்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் சுருக்கினால் 200க்கு எனக்கு 183. அருப்புக்கோட்டையில் ராத்திரி பஸ் ஏறி, கோயம்பேட்டில் பல் விளக்கி, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நானும் அப்பாவும் போய்ச் சேர்ந்தோம். அப்பா டிடியை (பாங்க் டிராஃப்ட்) சட்டைப் பையில் வைத்து அதன் மேல் ஊக்கு குத்தியிருந்தார். ஹாலில் பெரிய திரை. எந்தக் காலேஜில், எந்தப் பிரிவில், எந்த இடஒதுக்கீட்டு வகுப்புக்கு எத்தனை சீட் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். நான் கேட்ட இ.சி.இ.க்கு (எலக்ட்ரானிக்ஸ் பிரிவு) நேராக 1 என்று இருந்தது. எங்களைக் கூப்பிடுவதற்குள் 0. அப்பா அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, "பக்கத்துல இருக்கிறதுல ஏதாவது எடுத்துருவோம்டா" என்றார். சிவில் எடுத்தேன். கண்ணெதிரே சீட்டைப் பார்த்து முடிவெடுக்கிற இடத்தில் 'கிடைக்கிறதை எடு' என்பது நியாயமான பேச்சு.

2018இலிருந்து எல்லாம் ஆன்லைன். இப்போது நீங்கள் சீட்டைப் பார்ப்பதில்லை. உங்கள் லிஸ்டைக் கணினி பார்க்கிறது. ரேங்க்படி உங்கள் முறை வரும்போது மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எதில் முதலில் இடம் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்கவே பார்க்காது. எட்டாத காலேஜ் இருபதை மேலே போட்டாலும் இருபத்தொன்றாவது உங்களை விட்டு ஓடிவிடாது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம், காசா பணமா.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் தங்கை. என்னைவிடப் பத்து வயது சின்னவள், 2019 பேட்ச். ஒரு நாற்பது பக்க நோட்டில் காலேஜ் கோடு எண்ணையும் பிரிவையும் சிவப்பு மையில் தானே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். 43 இருந்தது. போன வருஷக் கட்-ஆஃபை (கடைசியாக இடம் கிடைத்தவரின் மார்க்) எங்கள் வகுப்புக்கான பத்தியில் பார்த்து எதிரே குறித்திருந்தாள். (நீங்களும் அப்படியே பாருங்கள். ஓசி, அதாவது பொதுப் பிரிவு, பத்தியைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்காதீர்கள்.) வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, அதனால் பிரவுசிங் சென்டர். அங்கே உட்கார்ந்திருந்தவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வராதும்மா, வர்றத முதல்ல போடுவோம்" என்றாராம். எனக்குப் போன் செய்தாள். நான் சைட்டில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தேன், மிக்சர் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. "அந்த அண்ணன் தினம் நூறு பேருக்குப் போடுறவரு, அவர் சொல்றபடி செய்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நோட்டில் 31ஆவதாக இருந்த காலேஜ் லிஸ்டில் முதலாவது. அதுவே கிடைத்தது. முதல் சாய்ஸே கிடைத்துவிட்டதால் அந்தச் சுற்றில் அதற்கு மேலே போக இடமே இல்லை. அவள் நோட்டில் ஒன்பதாவதாக எழுதியிருந்த காலேஜ் அதே சுற்றில் அவளைவிடக் குறைந்த கட்-ஆஃபுக்குப் போயிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்றேன், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கண்ணில் இன்னும் அந்தப் பூஜ்யம்தான்.

அந்தச் சென்டர்காரர் கமிஷன் வாங்கினார் என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாமல்கூடச் செய்திருக்கலாம். 'எந்தக் காலேஜில் படித்தால் என்ன, திறமை இருந்தால் போதும்' என்று எழுத வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அவள் நன்றாகத்தான் படித்தாள், நன்றாகத்தான் இருக்கிறாள். பேச்சு அதைப் பற்றி இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். முதல் தலைமுறை பட்டதாரிக்கு டியூஷன் ஃபீஸ் சலுகை 2010-11இல் வந்தது. நான் சேர்ந்தது 2009. தங்கை விண்ணப்பிக்கப் போனால், வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருப்பதால் கிடையாது என்றார்கள். அந்தப் பட்டதாரி நான்தான். பட்டதாரியே இல்லாத எங்கள் பரம்பரையில் முதல் பட்டதாரி சலுகை ஒருத்தருக்கும் கிடைக்கவில்லை. விதி சரிதான், சண்டைக்கு வராதீர்கள். எரிச்சலாக இருக்கிறது, அவ்வளவே.

உங்களுக்கு: முதலில் தாளில் எழுதுங்கள். யார் டைப் செய்தாலும் லாக் செய்வதற்கு முன் பிரிண்ட் எடுத்து உங்கள் தாளோடு வரி வரியாக ஒத்துப் பாருங்கள். பாஸ்வேர்டும் ஓடிபியும் உங்களிடமே இருக்கட்டும். என் தங்கை இப்போது ரயில் டிக்கெட் போடக்கூட யாரிடமும் ஓடிபி சொல்வதில்லை. போன தீபாவளிக்கு நான் கேட்டதற்கு, போனைத் திருப்பி வைத்துக்கொண்டு, "நீ நகரு, நானே போட்டுக்கிறேன்" என்றாள்.